கடைக்கு ஆள் எடுக்க பெர்சனாலிட்டி டெஸ்ட்: 100 பேர், 20 இடம். வைக்கலாமா?

வண்ணார்பேட்டை

ஜவுளியும் பாத்திரமும் சேர்ந்த கடை, பாளை பக்கம் புதுக்கிளை. விற்பனைக்கு 12, கல்லாவுக்கு 4, குடோனுக்கு 4, ஆக 20 இடம். விண்ணப்பம் 100 பக்கம் வரும்னு கணக்கு.

ஒரு கன்சல்டன்ட் ஆளுக்கு 600 ரூபா கேக்காரு. ஆன்லைன்ல 90 கேள்வி, 25 நிமிஷம். நாலெழுத்துல ஒரு ‘டைப்’ வரும், கூடவே நாலு கலர் வட்டம் போட்டு 14 பக்க ரிப்போர்ட். இந்த ஆளு கல்லாவுக்கு ஆவானா ஆகமாட்டானான்னு கடைசிப் பக்கத்துல போட்டுருமாம்.

இதை நம்பி எடுக்கலாமா? இல்லைன்னா வேற எது? வாரவங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது, அதனால தமிழ்ல வேணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொதிகைக்காற்று

நாலெழுத்து வருகிறது என்றால் அது மையர்ஸ்-பிரிக்ஸ் வகை, எம்பிடிஐ என்பார்கள். கார்ல் யுங் 1921-ல் எழுதிய ஆளுமை வகைகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. அது கூடப் பரவாயில்லை. அந்தச் சோதனையை நடத்தும் அமைப்பே “ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்” என்று தன் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கன்சல்டன்ட் அதைச் சொன்னாரா?

உள்ளே இருக்கும் கோளாறு இது. மனிதர்கள் பெரும்பாலும் நடுவில்தான் குவிந்திருப்பார்கள். கலகலப்பு என்ற அளவில் 49 எடுத்தவரும் 51 எடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள். இந்தச் சோதனை நடுவில் கோடு போட்டு ஒருவரை ‘உள்முகம்’ என்றும் மற்றவரை ‘புறமுகம்’ என்றும் பிரித்துவிடும். 51-க்கும் 95-க்கும் ஒரே எழுத்து. அடுத்த மாதம் அதே ஆளை உட்காரவைத்தால் இரண்டு கேள்வியில் பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும். 16 வகை இருக்கிறதே, இத்தனை நுணுக்கமா என்று நினைக்க வேண்டாம். நாலு இடத்தில் கோடு போட்டால் 16 வரத்தான் செய்யும்.

நாலு கலர் வட்டம் டிஸ்க் வகையாக இருக்கும். அதற்கு மூலம் வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் எழுதிய கருத்துகள். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ந்தவரும், வொண்டர் உமன் பாத்திரத்தை உருவாக்கியவரும் அவரே. அந்தச் சோதனையில் கேள்விகள் எப்படி இருக்கின்றன? நாலு வாக்கியம் கொடுத்து ‘எது உங்களுக்கு அதிகம் பொருந்தும்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களா? பார்த்துச் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை

ஆமா, அப்படித்தான் இருக்கு. நாலுல ஒண்ணு.

பொதிகைக்காற்று

அப்படியானால் ஆளுக்கு ஆள் ஒப்பிடவே முடியாது. 24 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி ஏதாவது ஒரு கலருக்குப் போகும். முடிவில் யார் எழுதினாலும் நாலு கலரின் கூட்டுத்தொகை 24 தான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரருக்கும் 24, எதிலும் ஒட்டாதவருக்கும் 24. ஒரு ஆளுக்குள் எது தூக்கல், எது மட்டம் என்று மட்டும்தான் அது சொல்லும். ‘இவருக்கு நீலம் 10, அவருக்கு நீலம் 7, ஆக இவர் பொறுப்பானவர்’ என்று எடுத்தால் கணக்கே தப்பு.

தேர்ந்தெடுக்க வைக்கும் கேள்விகளிலும் ஒப்பிடத்தக்க மதிப்பெண் எடுக்கும் முறைகள் இப்போது உண்டு. அதற்குத் தனிப் புள்ளியியல் மாதிரி வேண்டும். எந்த மாதிரியில் மதிப்பெண் போடுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் சாதாரணக் கூட்டல்தான்.

அல்வாத்துண்டு

14 பக்க ரிப்போர்ட்டைப் படிச்சா “அட, என்னைய அப்படியே எழுதியிருக்கான்”னு தோணும். அதுலதான் கடைக்காரங்க கவுந்துருதாங்க. ஃபோரர்னு ஒரு பேராசிரியர் 1948-ல தன் மாணவங்க 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வச்சாரு. அப்புறம் ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்து, எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னாரு. சராசரி 4.26 வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, 39 பேருக்கும் ஒரே ரிப்போர்ட்டு. வாக்கியமெல்லாம் கடையில வித்த சோசியப் புஸ்தகத்துல இருந்து எடுத்தது.

ரதவீதி கிளி சோசியக்காரரு 20 ரூபாயில முடிச்சிருதாரு. நீங்க 600 குடுக்கீங்க. அவருகிட்டயாவது கிளி சீட்டு எடுக்குத அழகைப் பாக்கலாம்.

கங்கைகொண்டான் ஷிப்ட்

அண்ணாச்சி, கிண்டல் சரிதான். ஆனா எல்லா டெஸ்ட்டையும் ஒரே கூடையில போட்டா எப்படி? பிக் ஃபைவ் அப்படிப்பட்டது இல்லை. பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், உணர்ச்சிச் சமநிலை, புதுமை நாட்டம்னு அஞ்சு அளவு. அதுல வகை கிடையாது, கோடு கிடையாது, தொடர்ச்சியா ஒரு மார்க் மட்டும். பாரிக், மவுன்ட் ரெண்டு பேரும் 1991-ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. எந்தத் தொழிலை எடுத்தாலும் பொறுப்புணர்வுக்கும் வேலைத்திறனுக்கும் ஒட்டுறவு இருந்துச்சு. விற்பனை வேலையில புறமுகமும் சேருது.

இலவசமாவே இருக்கு. ஐபிஐபினு கோல்ட்பர்க் தொகுத்த கேள்வித் தொகுப்பு பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கிடலாம். 50 கேள்விப் பதிப்பு, அளவுக்குப் பத்து. ஆளுக்கு 600 வேண்டாம், காகிதச் செலவோட முடிஞ்சுது.

பொதிகைக்காற்று

தம்பி சொல்வது சரி. ஆனால் அந்த ஒட்டுறவு எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமார் 0.2. சம்பந்தமே இல்லை என்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1. கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

100 பேர் வருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரை எடுத்தாலும் பாதிப் பேர் தேறுவார்கள் என்று வைப்போம். 20 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் 10 பேர் தேறுவார்கள். ஒட்டுறவு 0.2 உள்ள சோதனையில் மேலே வந்த 20 பேரை எடுத்தால் 12 பேர். 0.4 உள்ள முறையில் எடுத்தால் 14 அல்லது 15. டெய்லர், ரஸல் இருவரும் 1939-லேயே இதற்கு அட்டவணை போட்டுவிட்டார்கள். ஆக நல்ல ஆளுமைச் சோதனை இரண்டு பேரைக் கூட்டித் தரும். அது இலவசமாகக் கிடைத்தால் லாபம்தான். 60,000 ரூபாய் கொடுத்து, அதை மட்டுமே நம்பி எடுத்தால் அந்த இரண்டு பேருக்கு ஆளுக்கு 30,000.

0.4 எதில் கிடைக்கும்? 1998-ல் ஷ்மிட், ஹன்டர் தொகுத்த பட்டியலைத்தான் விற்பவர்கள் இன்றும் காட்டுவார்கள். 2022-ல் சாக்கெட் குழு அந்தப் பட்டியலில் ஒட்டுறவை ஏற்றிக் காட்டிய திருத்தக் கணக்குகளைத் திரும்பப் பார்த்து எண்களை இறக்கியது. அதன்படி கட்டமைத்த இன்டர்வியூ 0.42, வேலை அறிவுத் தேர்வு 0.40, செய்துகாட்டும் தேர்வு 0.33, பொது அறிவாற்றல் 0.31. பொறுப்புணர்வு 0.19. நாம் சாதாரணமாக நடத்தும் “வாங்க, உட்காருங்க, ஊர் எது, அப்பா என்ன செய்யுதாரு” இன்டர்வியூவும் அதே 0.19 தான். கையெழுத்து சோசியம் 1998 பட்டியலிலேயே 0.02. எவராவது ‘கிராஃபாலஜி’ என்று வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வண்ணார்பேட்டை

அக்கா, அப்போ இன்டர்வியூவையே சரி பண்ணினாப் போதுமா? ‘கட்டமைத்த’ன்னா என்ன, கேள்வியை எழுதி வச்சுக் கேக்கதா?

பொதிகைக்காற்று

எழுதி வைப்பது அதில் கால்வாசி. முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய கடையில் மேற்பார்வை பார்க்கும் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, “போன மூணு மாசத்துல ஒரு ஆளு ரொம்ப நல்லாச் செஞ்ச சம்பவம் ஒண்ணு, சொதப்பின சம்பவம் ஒண்ணு” என்று கேளுங்கள். ‘நல்ல பையன்’, ‘சுறுசுறுப்பு’ என்ற சொற்களை ஏற்காதீர்கள். என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதுதான் வேண்டும். 25, 30 சம்பவம் தேறும். அவற்றிலிருந்து ஆறு கேள்வி செய்யுங்கள். விற்பனைக்கு ஒன்று:

“ஒரு அம்மா 12 சேலையைப் பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பிடிக்கலைன்னு எந்திரிக்காங்க. பின்னால ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. என்ன செய்வீங்க?”

இதற்கு மதிப்பெண் அடையாளத்தை முன்கூட்டியே எழுத வேண்டும். “அவங்க போகட்டும்னு அடுத்தவங்களைப் பாப்பேன்” என்றால் 1. “இன்னும் ரெண்டு காட்டுதேன்னு சொல்வேன்” என்றால் 3. என்ன விசேஷம், யாருக்கு, எவ்வளவுக்குள் என்று கேட்பேன், காத்திருப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுத்துப் பக்கத்து ஆளைக் கூப்பிடுவேன் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்து யோசித்தால் 5. இடையில் 2, 4. ஆறு கேள்வி, ஆளுக்கு 30 மதிப்பெண், 20 நிமிடம்.

எல்லாருக்கும் அதே ஆறு, அதே வரிசை. இரண்டு பேர் கேட்க வேண்டும், தனித்தனித் தாளில், ஒவ்வொரு பதில் முடிந்ததும் மதிப்பெண் போட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போட்டால் கடைசிப் பதிலும் முகராசியும்தான் மதிப்பெண் போடும். இரண்டு தாளிலும் ஒரு கேள்விக்கு 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் பேசுங்கள். “எனக்கு அப்படித் தோணுச்சு” செல்லாது, அவர் சொன்ன வாக்கியம் எது என்று காட்ட வேண்டும். முதலாளி நடுவில் வந்து “நீ இன்னார் மகன்தானே” என்று கேட்டால் அந்தத் தாளையே கிழித்துவிடலாம்.

கல்மண்டபம்

கல்லாவுக்குச் செய்துகாட்டும் தேர்வு இப்படி வைக்கலாம்.

ஒரு தட்டில் 500 ரூபாய் 6, 200 நாலு, 100 ஐந்து, 50 இரண்டு, 20 மூன்று, 10 இரண்டு. கூட்டினால் 4,480. தட்டோடு இருக்கும் சீட்டில் 4,530 என்று எழுதியிருக்கும். “எண்ணி, இருப்பதை எழுதுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். 4,480 என்று எழுதி 50 குறைகிறது என்பவர் எண்ணியிருக்கிறார். 4,530 என்று எழுதுபவர் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்த ஒரு தட்டு, ‘நான் விவரங்களில் கவனம் செலுத்துவேன்’ என்ற கேள்விக்கு அவர் போட்ட 5-ஐ விட அதிகம் சொல்லும்.

அடுத்து பத்து பில். ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் கொடுத்த பணம் எழுதியிருக்கும், மீதி எழுத வேண்டும். பில் 1,865, கொடுத்தது 2,015 என்பது மாதிரி இரண்டு இருக்கட்டும். சில்லறைக்காகச் சேர்த்துக் கொடுத்த 15-ஐ பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். இரண்டு வேலைக்கும் சேர்த்து 15 நிமிடம், கால்குலேட்டர் கொடுக்கலாம், கடையில் கொடுப்பீர்கள் அல்லவா? தவறு எத்தனை, முடித்தது எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். வேகத்தையும் பிழையையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தால் அவசரக்காரர் மேலே வந்துவிடுவார்.

குடோனுக்கு 12 பெட்டி போதும். சீட்டில் தேதி, சரக்கு எண் இருக்கும். பழையது முன்னால் வரும்படி அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பெட்டியில் சரக்கு எண் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கட்டும்.

தட்டை ஒவ்வொரு ஆளுக்கும் பின் ஒருமுறை எண்ணிவிடுங்கள். இல்லையென்றால் 11-ஆவது ஆளிலிருந்து விடையே மாறிப்போயிருக்கும்.

குறுக்குத்துறை

தமிழ்ல வேணும்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. வினையே அங்கதான்.

கங்கைகொண்டான் சொன்ன அந்த 50 கேள்வியை மெஷின்ல போட்டு மொழிபெயர்த்து வச்சிருக்கவங்க நிறைய. முதல் கேள்வி, கூட்டத்துல கலகலப்பா இருக்கவரைக் குறிக்க இங்கிலீஷ்ல வழங்குத ஒரு மரபுத்தொடர், ‘லைஃப் ஆஃப் த பார்ட்டி’. அது தமிழ்ல ‘நான் கட்சியின் உயிர்’னு வரும். அதுக்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’னு டிக் போடுதவன் புறமுகக்காரனா, வட்டச் செயலாளரா? இன்னொண்ணு ‘செல்டம் ஃபீல் ப்ளூ’. ‘நான் அரிதாகவே நீலமாக உணர்கிறேன்’னு வந்துரும். ‘எப்பவாவதுதான் மனசு சோர்ந்து போகும்’னு எழுதணும். அதுலயும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. ‘அரிதாக’ன்னு ஒரு எதிர்மறை, அதுக்கு ‘உடன்படவில்லை’ன்னு இன்னொரு எதிர்மறை. நல்லாப் படிச்சவனே ரெண்டு தடவை நின்னுதான் டிக் போடுவான். அதனால ‘உடன்படுகிறேன் / உடன்படவில்லை’ வேண்டாம். ‘எனக்கு ரொம்பப் பொருந்தும், கொஞ்சம் பொருந்தும், ரெண்டுங்கெட்டான், அவ்வளவாப் பொருந்தாது, பொருந்தவே பொருந்தாது’ன்னு வையுங்க. மூலத்துலயும் பொருந்துதா இல்லையான்னுதான் கேக்கு.

‘விருந்துகளில் பலவிதமான மனிதர்களுடன் பேசுவேன்’னு ஒரு கேள்வி உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இதுக்கு ‘பொருந்தாது’ன்னு போட்டா, கூச்சக்காரின்னு அர்த்தம் இல்லை. ‘நல்ல வீட்டுப் பிள்ளை அப்படிப் பேசாது’ங்குத பதில் அது. வளர்ப்பை அளந்துட்டு ஆளுமைன்னு சொல்லுதோம். ‘கடைக்கு வாரவங்க தெரியாதவங்களா இருந்தாலும் நானாப் போய்ப் பேச்சுக் குடுப்பேன்’னு வேலையோட சேத்து மாத்துங்க. கேள்வியில வேலை இடத்தைச் சேத்தா ஒட்டுறவும் கொஞ்சம் கூடும், சாக்கெட் பட்டியல்லயே அது இருக்கு.

முறை என்னன்னா, ரெண்டு பேரு தனித்தனியா தமிழாக்கணும், உக்காந்து ஒண்ணாக்கணும். மூலத்தைப் பாக்காத மூணாவது ஆளு திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டு போகணும். அப்புறம் எட்டுப் பத்துப் பேரை உக்கார வச்சு, ‘இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ன்னு கேக்கணும். ‘கட்சியின் உயிர்’ அங்கனயே மாட்டிக்கிடும். இதுக்கு சர்வதேசச் சோதனை ஆணையம் 2017-ல ரெண்டாம் பதிப்பு வழிகாட்டி போட்டிருக்கு.

கங்கைகொண்டான் ஷிப்ட்

குறுக்குத்துறை சொன்னதோட மார்க் போடுததையும் சேத்துக்கிடுங்க. பொறுப்புணர்வுக்கு உள்ள பத்துக் கேள்வியில ஆறு நேர், நாலு தலைகீழ். ‘பொருளை எடுத்த இடத்துல வைக்க மறந்துருவேன்’ங்குதது தலைகீழ். அதுல 5 போட்டா 1-னு கணக்கு, அதாவது 6-ல இருந்து கழிக்கணும். எல்லாத்துக்கும் படிக்காம 5 போட்டவனுக்கு ஒழுங்காத் திருப்பினா 34 வரும். எக்செல்ல திருப்ப மறந்தா 50-க்கு 50, கடையிலயே முதல் ஆளு அவன்தான்!

போன்ல வச்சா இன்னொரு சிக்கல். சின்னத் திரையில அஞ்சு வட்டத்துல மூணுதான் தெரியும், மிச்சத்துக்குத் தள்ளணும். தள்ளாம தெரிஞ்ச மூணுக்குள்ளயே போட்டுருவாங்க. வட்டத்தை மேல கீழ அடுக்குங்க. வீட்டுக்கு லிங்க் அனுப்பினா பிரவுசிங் சென்டர்க்காரர் பெர்சனாலிட்டிதான் வரும். கடைக்கே வரவச்சு காகிதத்துல எழுத வையுங்க.

அல்வாத்துண்டு

எல்லாரும் 5 போட்டு நல்லபிள்ளையா வந்தா என்ன செய்வீங்கவே? ‘கடமையைத் தட்டிக் கழிப்பேன்’னு கேள்வி வச்சா வேலை வேணும்னு வந்தவன் ‘ஆமா, தட்டிக் கழிப்பேன்’னு எழுதுவானா? கோட்டியா பிடிச்சிருக்கு அவனுக்கு?

பொதிகைக்காற்று

எழுத மாட்டான். ‘நல்லவனாகக் காட்டிக்கொள்’ என்று சொல்லி எழுத வைத்த ஆய்வுகளில் மதிப்பெண் அரை முதல் ஒரு திட்டவிலக்கம் வரை ஏறுகிறது (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் விலகும் அளவு). உண்மையான வேலைத்தேர்வில் அதைவிடக் குறைவாக ஏறும், ஆனால் ஏறும். எல்லாரும் ஒரே அளவு ஏறினால் வரிசை கெடாது. சிலர் மட்டும் ஏறுவதால்தான் கெடுகிறது, அதுவும் உச்சியில். மேலே இருந்து 20 பேரை எடுத்தால் அங்கே புளுகர்கள் அடர்த்தியாக இருப்பார்கள். புளுகரைப் பிடிக்க ‘பொய்க் கேள்விகள்’ சேர்த்து மதிப்பெண்ணைக் கழிக்கும் பழக்கம், சரியான ஆளைக் காட்டும் திறனைக் கூட்டுவதில்லை. அதனால்தான் ஆளுமை மதிப்பெண்ணை உச்சியில் வெட்டக் கூடாது என்கிறேன்.

கங்கைகொண்டான் ஷிப்ட்

அப்போ அடியில வெட்டலாம்லா அக்கா? கடைசி 10 பேரை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்துக்கு இன்டர்வியூ. புளுகக்கூடத் தெரியாதவன்தான் அங்கன இருப்பான்.

பொதிகைக்காற்று

உச்சியை விட அடி பரவாயில்லை. ஆனால் அளவுப் பிழையைக் கணக்கில் வையுங்கள். மதிப்பெண்ணைச் சராசரி 50, திட்டவிலக்கம் 10 வரும்படி மாற்றி வைத்தால், நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் அதே மதிப்பெண் வரும் அளவு) 0.80 என்றால் ஒரு மதிப்பெண்ணின் பிழை சுமார் 4.5. 38 எடுத்தவரின் உண்மை மதிப்பெண் 29-க்கும் 47-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 37-ஐ வெளியே அனுப்பி 39-ஐ உள்ளே விடுவதற்கு ஆதாரமே இல்லை. அந்தப் பத்துப் பேரில் தமிழ் வாசிக்கத் திணறி, தலைகீழ்க் கேள்வியில் மாட்டியவர்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. குடோனுக்கு நன்றாக உழைக்கக்கூடியவர்கள்தான் அங்கே அதிகம் மாட்டுவார்கள்.

கங்கைகொண்டான் ஷிப்ட்

எந்த இடத்துல வெட்டினாலும் பிழை உண்டு, இன்டர்வியூ மார்க்கிலயும் உண்டு. பத்துப் பேரைக் கழிச்சா மூணேகால் மணி நேரம் மிச்சம். நான் வெட்டுவேன். நீங்க வெட்டமாட்டீங்க. இதுல ஒத்துப்போக முடியாது.

ஆலங்குளம்

நடுவுல ஒரு சந்தேகம். ரயில்வே உதவி லோகோ பைலட்டுக்கு ‘சைக்கோ டெஸ்ட்’ வைக்காங்களே, அதுவும் இதே மாதிரிதானா? அதுக்கு ஐபிஐபி படிச்சாப் போதுமா?

கல்மண்டபம்

பேர் மட்டும்தான் ஒன்று தம்பி. அது கணினியில் நடக்கும் திறன் தேர்வு. நினைவாற்றல், அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், தூர மதிப்பீடு, கவனக் குவிப்பு, பார்வை வேகம் என்று ஐந்து. ‘நான் கலகலப்பானவன்’ வகைக் கேள்வியே கிடையாது. தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஐந்திலும் தனித்தனியாக டி-ஸ்கோர் 42 எடுக்க வேண்டும், எந்தப் பிரிவுக்கும் தளர்வு இல்லை. தேறியவர்களுக்கு எழுத்துத்தேர்வு 70, இது 30 என்று சேர்ப்பார்கள்.

டி-ஸ்கோர் என்றால் சராசரி 50, திட்டவிலக்கம் 10. 42 என்பது கேட்க எளிதாக இருக்கிறது, மணிவடிவப் பரவலில் 100-க்கு 79 பேர் தாண்டுவார்கள். ஆனால் ஐந்தையும் தாண்ட வேண்டும். ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்றால் 0.79-ஐ ஐந்து முறை பெருக்க 100-க்கு 30 பேர்தான் மிஞ்சுவார்கள். ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் செய்வதால் அதைவிடக் கூடுதலாகத் தேறுவார்கள். நாலில் 70 எடுத்து ஒன்றில் 41 எடுத்தாலும் வெளியேதான். அதனால் பிடித்ததையே பயிற்சி செய்யாமல் மட்டமான பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். தூர மதிப்பீட்டில் செங்கல் அடுக்குப் படம் வரும். தீப்பெட்டியை அடுக்கிவைத்து எது எதைத் தொடுகிறது என்று எண்ணிப் பழகினால் கண் பிடித்துவிடும்.

முப்பந்தல் காத்தாடி

அதே கேள்விதான், எங்க தொழிலுக்கு. காத்தாடி (காற்றாலை) கோபுரம் ஏற ஆள் எடுக்கையில ‘துணிச்சல் ஸ்கோர்’னு ஒண்ணு விக்காங்க. உண்டுமா?

கல்மண்டபம்

உயரத்துக்குப் பயப்படுவதையும் ‘நான் சாகசத்தை விரும்புவேன்’ என்று டிக் அடிப்பதையும் ஒன்றாக்காதீர்கள். சாகசம் பிடிக்கும் என்பவன் கொக்கியை மாட்டாமல் ஏறினால் யார் பொறுப்பு? மருத்துவப் பரிசோதனையில் தலைச்சுற்றல், வலிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, முழு உடல் பெல்ட்டும் விழுதடுப்பானும் போட்டு, பயிற்சியாளர் கூட முதல் மேடை வரை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொக்கியை மாட்டிய பிறகு அடுத்ததைக் கழற்றுகிறாரா என்று எண்ணுங்கள். அதுதான் உங்கள் ஸ்கோர்.

குறுக்குத்துறை

சட்டப் பக்கம் ரெண்டு விஷயம். ‘எனக்கு யாரோ பேசுற சத்தம் கேக்கும்’, ‘தூக்கம் வராது’ மாதிரி கேள்வி இருந்தா அது மனநோய் கண்டறியும் சோதனையில இருந்து வந்தது. கடையில அதைத் தொடக்கூடாது. அமெரிக்காவுல எம்எம்பிஐங்குத அந்த மாதிரிச் சோதனையைப் பதவி உயர்வுக்கு வச்ச கம்பெனி மேல வழக்குப் போய், அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம்னு 2005-ல மேல்முறையீட்டு மன்றம் சொல்லியாச்சு. இங்கயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியல்ல மனநோய் இருக்கு.

ரெண்டாவது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதுக்கு வாங்குதோம், என்ன செய்வோம்ங்குத அறிவிப்பைத் தமிழ்லயும் பாக்க வழி இருக்கணும். விடைத்தாளை பில் பேப்பர் கட்டோட மேசையில போட்டு வைக்காதீங்க. எடுக்காத 80 பேரோட தாளு வேலை முடிஞ்சதும் அழியணும். அந்த கன்சல்டன்ட் அதை எத்தனை நாள் வச்சிருப்பாருன்னு கேளுங்க, அடுத்த கடைக்கு அதையே விக்கப் போறாரான்னும் கேளுங்க.

வண்ணார்பேட்டை

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

முதல் நாள் 100 பேருக்கும் பத்துப் பத்துப் பேரா செய்துகாட்டும் தேர்வு. விற்பனைக்கு வாரவங்களுக்கு சேலை எடுத்துக்காட்டி மடிக்கது, மேற்பார்வையாளரே வாடிக்கையாளரா உக்காருவாரு. அதுல 45 பேரு. ரெண்டாம் நாள் இன்டர்வியூ, ஆளுக்கு 20 நிமிஷம், ரெண்டு குழு, 15 மணி நேர வேலையை ஏழரை மணி நேரத்துல முடிக்கலாம். 45 பேருக்கும் பிக் ஃபைவ் பொறுப்புணர்வு பத்துக் கேள்வி மட்டும் தமிழ்ல, காகிதத்துல. கன்சல்டன்டை விட்டாச்சு. கடைசியில மூணு மார்க்கையும் கூட்டி வரிசை.

பொதிகைக்காற்று

மூன்று திருத்தம்.

அப்படியே கூட்டாதீர்கள். செய்துகாட்டும் தேர்வு 100-க்கு, அதில் ஆளுக்கு ஆள் 12 மதிப்பெண் போல விலகும். இன்டர்வியூ 30-க்கு, 3 போல விலகும். கூட்டினால் இன்டர்வியூ காணாமல் போகும். ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டு, இன்டர்வியூவுக்கு 2, செய்துகாட்டுவதற்கு 2, ஆளுமைக்கு 1 என்று பெருக்கிக் கூட்டுங்கள். எக்செல்லில் மூன்று நெடுவரிசை வேலை. கல்லா, விற்பனை, குடோன் மூன்றுக்கும் தனித்தனி வரிசை.

ஆளுமைத் தாளை இன்டர்வியூ எடுப்பவர்கள் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. ‘பொறுப்பு 29’ என்று தெரிந்துவிட்டால் 20 நிமிடமும் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏழரை மணி நேரம் ஓடாது. 23-ஆவது ஆளுக்கு யாரும் ஒழுங்காக மதிப்பெண் போட மாட்டார்கள். ஒன்றரை நாளாகப் பிரியுங்கள்.

மூன்று மாதம் கழித்து, யார் நின்றார், யார் போனார், கல்லாவில் எத்தனை நாள் கணக்கு உதைத்தது என்று எழுதி வையுங்கள். 20 பேரை வைத்து ‘டெஸ்ட் வேலை செய்யுது’ என்று சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையில் 0.2 என்ற ஒட்டுறவு மைனஸ் 0.27-லிருந்து 0.59 வரை எங்கேயும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல 190-க்கு மேல் ஆள் வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே தேர்வு வைத்தால் ஐந்தாறு வருடத்தில் சேரும்.

வண்ணார்பேட்டை

சரிக்கா. ஒன்றரை நாளுன்னா ரெண்டு நாள் சாப்பாட்டுச் செலவு, முதலாளிகிட்ட 60,000 மிச்சம்னு சொல்லி வாங்கிருதேன். அந்தப் பத்துக் கேள்வித் தமிழை இங்கன போடுதேன், குறுக்குத்துறை பாத்துச் சொல்லுங்க. முதல் கேள்வி: ‘நான் எப்போதும் தயாராக இருக்கிறேன்’.

குறுக்குத்துறை

எதுக்குத் தயாருன்னு கேப்பாங்க. ‘மறுநாள் வேலைக்கு வேண்டியதை முந்தின நாளே எடுத்து வச்சிருவேன்.’ அடுத்தது போடுங்க.

அல்வாத்துண்டு

கல்லாத் தட்டுக்கு 2,000 ரூபா நோட்டு ஏதும் போட்டுறாதீங்க அண்ணாச்சி. எண்ணுததை விட்டுட்டு இது எப்படி உங்ககிட்ட இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சிருவாங்க.

வண்ணார்பேட்டை

இரண்டாவது: ‘நான் விவரங்களில் கவனம் செலுத்துகிறேன்’. இதுக்கு ‘பில்லைக் குடுக்கதுக்கு முந்தி ஒருதடவை சரிபாத்துருவேன்’னு மாத்தியிருக்கேன்.

குறுக்குத்துறை

கல்லாவுக்குச் சரி. குடோன்ல பில் இல்லை. ‘வேலையை முடிச்சதும் ஒருதடவை சரிபாப்பேன்’னு வச்சா மூணு பேருக்கும் பொருந்தும். மூணாவது?